உங்களுக்குத் தெரியுமா? துணி டயப்பருக்கு நாமே அளவுத் தாள் வரையலாம்!

★ ஐப்பசி பிறந்துவிட்டால் செங்கத்துக்கு வடக்கே நிற்கும் ஜவ்வாது மலை பாதி நாள் மேகத்துக்குள்தான் இருக்கும். காலையில் கொடியில் போட்ட துணி மாலையிலும் ஈரமாகத் தொங்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது பெரிய சோதனை. நகரத்துக் கடைகளில் விற்கும் துணி டயப்பர்கள் பல, அடுக்கு அடுக்காகச் சேர்த்து மூடித் தைக்கப்பட்டவை. நன்றாக உறிஞ்சும், ஆனால் லேசில் காயாது. ஆகவே செங்கத்திலோ, பரமனந்தல் வழியாக ஏறிப்போகும் மலைக் கிராமங்களிலோ டயப்பருக்கு அளவு வரைகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது துணி காயும் நேரத்தைத்தான். அழகும் பூப்போட்ட துணியும் அப்புறம்.

★ பழைய வேட்டியைக் கிழித்த சதுரத் துண்டுதான் நம் வீடுகளின் பழைய டயப்பர் மாதிரி. நான்காக மடித்தால் நான்கு அடுக்கு, ஈரத்தைத் தாங்கும். உதறி விரித்தால் ஒரே அடுக்கு, காற்றுப்பட்டாலே காய்ந்துவிடும். முக்கோணமாக மடித்து, முன்னும் பின்னும் அரைஞாண் கயிற்றில் செருகிவிட்டால் ஊக்கும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். பிள்ளை வளர வளர மடிப்பை மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்கு எந்தப் புது மாதிரி வரைந்தாலும் இந்தச் சதுரத்தின் இரண்டு நல்ல குணங்களை விட்டுவிடக் கூடாது: விரிந்து காய வேண்டும், பிள்ளையோடு சேர்ந்து பெரிதாக வேண்டும்.

★ ஊக்குக்குக் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் வால்டர் ஹன்ட், ஆண்டு 1849. அந்த உரிமையை அவர் 400 டாலருக்கு விற்றுவிட்டார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் மேல்நாட்டுக் குழந்தைகளின் இடுப்புத் துணியை ஊக்குதான் பிடித்து நிறுத்தியது.

★ டயப்பரை மாற்றியமைத்த இருவர் வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த தாய்மார்கள்! அமெரிக்காவில் மரியன் டோனவன் 1946-ல் குளியலறைத் திரையை வெட்டி, துணி டயப்பருக்கு மேலே போடும் நீர்புகா உறை ஒன்றைத் தைத்தார். ஊக்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பட்டன் வைத்தார். அது 1949-ல் நியூயார்க்கின் பெரிய கடையொன்றில் விற்பனைக்கு வந்தது. 1951-ல் காப்புரிமையும் கிடைத்தது. ஏறத்தாழ அதே சமயம், 1947-ல், பிரிட்டனில் வேலரி ஹன்டர் கார்டன் என்ற தாய் மூன்றாவது குழந்தை பிறந்ததும் தம் வழியைத் தேடினார். போர் முடிந்து கிடந்த பாராசூட் நைலானில் மேலுறை தைத்தார். உள்ளே மாற்றி மாற்றி வைக்கும் திண்டு தனி. பார்த்த தோழிகள் எல்லோரும் கேட்க, நானூறுக்கு மேல் வீட்டு மேசையிலேயே தைத்துக் கொடுத்தார். பிறகுதான் அது ‘பாடி’ என்ற பெயரில் தொழிற்சாலைக்குப் போனது.

உறை தனி, திண்டு தனி என்ற இந்த ஏற்பாடுதான் மலையடிவார ஊருக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. உறை லேசானது, பிழிந்து உதறினாலே பாதி காய்ந்துவிடும். திண்டு விரிகிற துணி. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டால் இந்த நன்மை போய்விடும்.

★ அமெரிக்காவின் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863-ல் வெவ்வேறு அளவுகளில் காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அதுவரை வீட்டில் தைப்பவர்கள் ஒரே அளவு மாதிரியை வைத்துக்கொண்டு பெரிதாக்கவும் சிறிதாக்கவும் தாங்களே திண்டாடினார்கள். டயப்பருக்கு அந்தத் திண்டாட்டம் கிடையாது. மூன்றே அளவு தெரிந்தால் போதும்.

★ சரி, அந்த அளவுத் தாளை எப்படி வரைவது?

குழந்தை பால் குடித்து முடித்த பிறகு, மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை இயல்பாக மடக்கி விரித்திருக்கும்போது அளவெடுங்கள். பசித்த வயிற்றுக்கு எடுத்த அளவு பால் குடித்ததும் இறுக்கும். முதல் அளவு, தொப்புளுக்குக் கீழே இடுப்புச் சுற்று. இரண்டாவது, முன் இடுப்பிலிருந்து கவட்டின் வழியாகப் பின் இடுப்பு வரை நீளம். மூன்றாவது, தொடைச் சுற்று; கால் வளைவைச் சரிபார்க்க அது வேண்டும்.

இடுப்பு 16 இஞ்ச், நீளம் 14 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே திண்டு அடைத்துக்கொள்ளும் இடத்துக்காக நீளத்தில் 2 இஞ்ச் கூட்டுங்கள்; 16 ஆயிற்று. நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாளை நெடுக்கில் இரண்டாக மடித்து, மடிப்பு ஓரத்தில் 16 இஞ்ச் குறியுங்கள். பாதி உருவம் வரைந்தால் போதும், விரித்தால் முழு உருவம் கிடைக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமையும்.

முன்பக்கம் முழு அகலம் இடுப்பில் பாதி, அதாவது 8. மடித்த தாளில் 4. பின்பக்கம் இடுப்பில் பாதியோடு 4 இஞ்ச் கூட்டி 12. மடித்த தாளில் 6. பின்பக்கத்திலிருந்து இருபுறமும் நீண்டு வரும் காதுகள் முன்பக்கத்தின் மேல் இரண்டிரண்டு இஞ்ச் ஏறி உட்காரும். பட்டனுக்கோ வெல்க்ரோவுக்கோ அந்த இடம் வேண்டும். காதின் உயரம் இரண்டரை முதல் மூன்று இஞ்ச் இருக்கட்டும்.

இனி கவட்டு. ஆறு மாதக் குழந்தைக்கு முழு அகலம் 6 இஞ்ச், மடித்த தாளில் 3. பச்சைக் குழந்தைக்கு 5 போதும். மிகக் குறுகிய இடத்தைச் சரிபாதியில் வைத்துவிடாதீர்கள். முன் ஓரத்திலிருந்து 7 இஞ்சில் வையுங்கள். பின்னால் 9 இஞ்ச் கிடைக்கும். பிட்டத்தை மூட அந்த அதிகத் துணி வேண்டும். புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான். பிறகு முன்பக்கத்தின் பக்க ஓரத்து அடியிலிருந்து கவட்டுக்கும், கவட்டிலிருந்து பின் காதின் அடிக்கும் ஒரே ஓட்டமாக வளைவு போடுங்கள். முனை எங்கும் வேண்டாம். முனை இருந்தால் அங்கேதான் தொடையில் உரசும். கடைசியில் சுற்றிலும் தையலுக்கு அரை இஞ்ச் விட்டு வெட்டுங்கள்.

வெட்டிய தாளை நேரே நல்ல துணியில் வைக்க வேண்டாம். முதலில் பழைய வேட்டித் துண்டில் ஒன்று வெட்டி, குழந்தைக்குச் சுற்றிப் பாருங்கள். முதுகில் இடைவெளி தெரிந்தால் பின் நீளத்தைக் கூட்டுங்கள். தொடையில் பிடித்தால் வளைவைக் கொஞ்சம் உள்ளே வெட்டுங்கள். வயிற்றில் மடங்கினால் முன்பக்கத்தைக் குறையுங்கள். சரியாக அமைந்த தாளை மேலே தேதியும் குழந்தையின் எடையும் எழுதி வைத்தால் அடுத்த பிள்ளைக்கும் உதவும்.

★ பிள்ளை வளர்ந்ததும் புதுத் தாள் வரைய வேண்டியதில்லை. பழைய தாளின் நகலை நெடுக்கில் ஒரு வெட்டு, குறுக்கில் ஒரு வெட்டு போட்டு, நான்கு துண்டுகளையும் அரை இஞ்ச் விலக்கி வேறொரு தாளில் ஒட்டுங்கள். அடுத்த அளவு தயார்.

★ எலாஸ்டிக்கை வளைவின் முழு நீளத்துக்கும் வெட்டக் கூடாது! வளைவு 8 இஞ்ச் என்றால் எலாஸ்டிக் 6 இஞ்ச் போதும். கால் இஞ்ச் அகல எலாஸ்டிக்கை இரண்டு முனையிலும் இறுகத் தைத்து, நடுவே துணிக்குள் ஓடவிட்டால் சுருக்கம் சீராக விழும். போட்டுப் பார்த்தபின் தொடைக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். சிவந்த கோடு பதிந்தால் பிரித்துத் தளர்த்துங்கள்.

★ திண்டுக்கு 12 இஞ்ச் அகலம், 13 இஞ்ச் நீளத்தில் இரண்டடுக்குத் துணி. மூன்றாக மடித்தால் 4 இஞ்ச் அகலத்தில் ஆறு அடுக்கு. ஆண் குழந்தைக்கு முன்பக்கம் ஒரு மடிப்பு கூடுதலாக வேண்டும். பெண் குழந்தைக்கு நடுவில். மழைக் காலத்தில் நான்கைந்து உறையும் இருபது திண்டும் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

★ காற்றில் இருக்கும் ஈரத்தைப் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஏற்கும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். அதனால்தான் டெரிகாட்டன் வேட்டியில் திண்டு தைத்தால் சிறுநீர் மேலேயே ஓடிவிடுகிறது. நம் ஊர் ஈரிழைத் துண்டு, டர்க்கி டவல், நூறு சதவீதப் பருத்திப் பனியன் துணி ஆகிய மூன்றும் திண்டுக்கு ஏற்றவை. இவற்றில் சீக்கிரம் காய்வது ஈரிழைத் துண்டு. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆவதும் அதுதான். செங்கத்துக்கு என் வாக்கு அதற்கே.

★ புதுத் துணி முதல் நாளே உறிஞ்சாது! கஞ்சிப் பசையும் பருத்தியின் இயற்கை மெழுகும் நீரைத் தள்ளும். வெந்நீரில் நாலைந்து முறை அலசிக் காய வைத்த பிறகே வெட்டுங்கள். அப்போது சுருங்க வேண்டியதும் முன்பே சுருங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: உருண்டு நின்றால் இன்னும் அலச வேண்டும், உடனே உள்ளே இறங்கினால் துணி தயார். துணியை மெத்தென்று ஆக்குவதாக விற்கும் வாசனைத் திரவங்களை டயப்பர் துணிக்கு ஊற்றவே கூடாது. அவை இழையின் மேல் ஒரு படலமாகப் படிந்து, உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

★ உறைக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது பியூஎல் துணி. பாலியெஸ்டர் துணியின் ஒரு பக்கத்தில் பாலியூரித்தேன் படலம் ஒட்டியிருக்கும். பளபளப்பான அந்தப் பக்கம் உட்புறமாக வர வேண்டும். குண்டூசி குத்தினால் அந்த ஓட்டை வழியாகவே கசியும் என்பதால் துணி மாட்டும் கிளிப்பால் பிடித்துத் தையுங்கள். நூல் பாலியெஸ்டர் நூலாக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தை இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும். திண்டை நல்ல வெயிலில் போடலாம், உறையை நிழலில்தான் உலர்த்த வேண்டும். கடும் வெயிலும் சூடும் படலத்தையும் எலாஸ்டிக்கையும் சீக்கிரம் தளர்த்திவிடும்.

★ குளிர்நாடுகளில் ஆட்டு ரோமத்தில் பின்னிய மேலுறையும் உண்டு. ரோமம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை வாங்கினாலும் தொட்டால் நனைந்ததுபோல் தெரியாது. நம் பக்கத்துக் கம்பளி சொரசொரப்பானது. பிள்ளையின் தோலுக்கு ஆகாது.

★ இது மிக முக்கியம். பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த பழைய வேட்டி, புடவையை எடுத்து அப்படியே பச்சைக் குழந்தைக்குச் சுற்றக் கூடாது! அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் ஆவி துணியில் தங்கியிருக்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். மூளையையே பாதிக்கும் அளவுக்குப் போகலாம். இந்தக் குறை இந்தியாவில் பல சமூகங்களில் உண்டு. பழங்குடி மக்களில் சில பிரிவுகளில் கூடுதலாகவே காணப்படுகிறது. பார்த்த பார்வைக்கு எந்தக் குழந்தைக்கு உண்டு என்று தெரியாது. துவைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றும் இருக்க வேண்டாம். பேறுகால வீட்டில் குழந்தைத் துணிக்கென்று அந்துருண்டை படாத தனி இடம் ஒன்று இருக்கட்டும்.

★ 1886-ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் பிறந்த குழந்தைகள் திடீரென்று நீலம் பாரித்தன. காரணத்தைத் தேடிய வில்லியம் ரெய்னர் என்ற மருத்துவர் கண்டுபிடித்தது, டயப்பர் துணியில் குத்தியிருந்த சலவை முத்திரையை! அந்த மையில் இருந்த அனிலின் சாயம் குழந்தைகளின் தோல் வழியே இரத்தத்துக்குள் போயிருந்தது. நம் நாட்டில் சலவைக் குறி போட வெகுகாலம் பயன்பட்டது சேங்கொட்டைச் சாறு. அது தோலைப் புண்ணாக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சட்டையில் குறி பட்ட இடத்தில் எல்லாம் கொப்புளம் வந்ததை அவர்களுடைய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். குழந்தைத் துணிக்கு அடையாளம் வேண்டுமென்றால் ஓரத்தில் வண்ண நூலால் இரண்டு தையல் போடுங்கள். மை வேண்டாம்.

★ தொப்புள்கொடி விழும்வரை டயப்பரின் முன் ஓரம் தொப்புளுக்குக் கீழேயே நிற்க வேண்டும். அந்த இடம் உலர்ந்து காற்றோட்டமாக இருந்தால்தான் சீக்கிரம் ஆறும். பச்சைக் குழந்தைக்கான தாளில் முன் நடுவில் பிறை வடிவில் ஒரு இஞ்ச் குறைத்து வெட்டிவிடுங்கள்.

★ துணி டயப்பர் தாய்க்கு ஒரு கணக்கும் சொல்லும். பிறந்து ஐந்து நாள் ஆனபின் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் ஆறு முறையாவது நனைக்க வேண்டும். நனைத்தால் பால் போதுகிறது. வெகுவாகக் குறைந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

★ கால்களை நீட்டி இறுக்கிக் கட்டுவது இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. தொடை விரிந்து, முட்டி மடங்கி இருப்பதே குழந்தையின் இயல்பு நிலை. டயப்பரும் அதற்கு இடம் விட வேண்டும்.

★ நனைந்த துணியை வெகுநேரம் மூடி வைத்தால் மூக்கைத் துளைக்கும் நெடி அடிப்பது ஏன்? சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றுவதால்தான். தோல் எரிச்சலுக்கும் அது வழி செய்யும். கழற்றியதும் ஒரு முறை பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மஞ்சள் கறைக்கு வெயிலே போதும். ஈரத்தோடு விரித்துப் போட்டால் வெளுத்துவிடும்.

மலம் அலசிய தண்ணீரைக் கழிப்பறையில்தான் ஊற்ற வேண்டும். கைக்குழந்தையின் மலத்திலும் நோய்க்கிருமி உண்டு. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு குப்பநத்தம் அணை வழியாகச் செங்கத்துக்கு வருகிறது. மேலே ஓடையில் அலசியது கீழே இருப்பவர் குடத்துக்கு வந்து சேரும்.

★ கடை டயப்பரின் உள்ளே இருக்கும் வெள்ளைக் குருணை சோடியம் பாலிஅக்ரிலேட். தன் எடையைப்போல நூறு மடங்குக்கு மேல் சுத்த நீரைப் பிடித்து வைக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அங்கே வெகுவாகக் குறைவு. இந்தக் குருணை லேசில் மக்காது. உபயோகித்த டயப்பரைப் பத்திரமாகச் சுற்றி, உலர் குப்பைத் தொட்டியில் போட வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. சுற்றுவதற்கான உறையைத் தருவதைத் தயாரிப்பாளரின் பொறுப்பாக்கின. கழிவு எடுக்க வண்டி வராத மலைக் கிராமத்தில் இப்படிப்பட்ட விதி எப்படி நடக்கும்? எரிப்பதும் பள்ளத்தில் எறிவதும்தான் நடக்கிறது. துணியின் பக்கம் நான் நிற்பதற்கு இது பெரிய காரணம்.

★ துணியும் எப்போதுமே உத்தமம் அல்ல. பிரிட்டன் அரசின் 2008 ஆய்வு, துணி டயப்பரைச் சாதாரணமாகப் பயன்படுத்தினால் இரண்டரை ஆண்டில் 570 கிலோ கரியமில வாயு அளவு, கடை டயப்பருக்கு 550 கிலோ என்று கணக்குப் போட்டது. ஆனால் கொடியில் உலர்த்தி, மெஷின் நிறையத் துவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் துணியின் அளவு சுமார் 200 கிலோ குறைந்தது. மின்சார உலர்த்தியில் போட்டவர்களுக்கோ அது மேலும் ஏறியது. கொடியும் வெயிலும் அடுத்த பிள்ளையும் நம் வீட்டில் ஏற்கெனவே இருப்பவைதான்.

★ துவைத்துப் பயன்படுத்தும் துணித் திண்டைத் தொழிலாகவே நடத்திக் காட்டியவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. செங்கத்திலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் ஆரோவில். அங்கே 2010-ல் தொடங்கிய ஈகோஃபெம், பெண்களுக்கான துணி நாப்கின்களைச் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களைக் கொண்டு தைத்து நாடெங்கும் அனுப்புகிறது. மேலே பருத்தி, அடியில் கசியாத அடுக்கு, பக்கத்தில் பட்டன் வைத்த காது. டயப்பரும் இதே தையல்தான், அளவுதான் பெரிது.

★ தையல் தெரிந்த ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் தருகிறது. விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டச் சமூக நல அலுவலகம். மாணவர்களுக்கான விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தினர் தைத்துத் தருகிறார்கள். இத்தனை கைகள் பழகியிருக்கிற மாவட்டத்தில் ஒரு டயப்பர் தைப்பது கடினமான வேலையே அல்ல.

செங்கத்திலும் மலை ஊர்களிலும் மெஷின் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிறந்த குழந்தைக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, ஒரு வயதுக்கு ஒன்று என்று மூன்று அளவுத் தாள்களை அட்டையில் வெட்டிக் கடையில் மாட்டி வையுங்கள். மகளின் பேறுகாலத்துக்குத் துணி தேடி வரும் அம்மாக்களுக்கு அந்தத் தாள்களின் நகலைக் காசு வாங்காமல் கொடுங்கள்.